[கலைச்சொல்] கதீட்டர் அபிலேஷன்: வெள்ளிக்குள் வேண்டும்

நெய்தல் எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு மருத்துவமனைக்கு நோயாளி விளக்கத்தாளும் ஒப்புதல் படிவமும் தமிழில் செய்து தருகிறேன், வெள்ளிக்கிழமை கெடு. 'கதீட்டர் அபிலேஷன்' வந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். தொடை இடுக்குச் சிரை வழியாக இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள குழாயை இதயத்துக்குள் கொண்டுபோய், தாறுமாறான துடிப்பு எங்கே கிளம்புகிறது, எந்த வழியில் சுற்றுகிறது என்று பார்த்து, அந்த இடத்துத் தசையை மட்டும் செயலிழக்க வைக்கிறார்கள். என்னிடம் வந்த பழைய வரைவில் 'வடிகுழாய் வழி நீக்கம்' என்றிருக்கிறது. படிப்பவர் இதயத்தில் எதையோ வெட்டி எடுக்கப்போகிறார்கள் என்றுதானே நினைப்பார்?

வேம்பு எழுதியது:
அபிலேஷனுக்கு இலத்தீனிலேயே 'எடுத்துச் செல்லல்' என்றுதான் பொருள், ஆகவே நீக்கம் தப்பில்லை. ஆனால் நமக்கு ஏன் அந்தக் கடன்? சித்தர் புறமருத்துவம் 32 வகை, அதில் சுட்டிகையும் (சூடு போடுதல்) உண்டு, சலாகையும் (உலோகக் கோல்) உண்டு. 'வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால்' என்று குலசேகர ஆழ்வார் பாடியதை நினைத்துப் பாருங்கள், மருத்துவன் சுடுவது நமக்குப் புதிதா என்ன? சலாகைச் சுட்டிகை. கதை முடிந்தது.

பூவரசு எழுதியது:
ஐயா, நான் கேத் லேபில், அதாவது இதயத்துக்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறையில், வேலை பார்க்கும் செவிலி. சுட்டிகை என்றால் 'எதைச் சுட்டிக் காட்டுறீங்க'ன்னு கேட்பார்கள். வடிகுழாய் என்றால் மூத்திர டியூப், வார்டில் அதற்கு வேறு பொருளே கிடையாது. நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: 'தொடையில ஊசி போட்டு டியூப் விட்டு, உள்ள ஷார்ட் சர்க்யூட் ஆகுற இடத்தைச் சுட்டுருவாங்க.' பாட்டிக்குக்கூடப் புரிகிறது.

தழல் எழுதியது:
கதீட்டரை அப்படியே எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அது அயற்சொல் என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. கதுவுதல் என்றால் பற்றுதல். குழல் போய்ச் சுவரைக் கதுவுகிறது. கிரேக்கத்துக்கு நம்மிடமிருந்து போயிருக்க வாய்ப்பில்லையா? கதுவுகுழல் என்று வைக்கலாம்.

வடலி எழுதியது:
தழல், கிரேக்கத்தில் அதற்குக் 'கீழே இறக்குவது' என்று பொருள், கதுவுதல் எங்கிருந்து வந்தது? பூவரசு அக்கா சொன்ன மூத்திர டியூபிலோ சின்னக் கதை இருக்கிறது. 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டேயில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற மருத்துவர் தன் கைச் சிரைக்குள் விட்டு இதயம் வரை தள்ளியது சிறுநீர்ப்பாதைக்கென்று செய்த குழாயைத்தான், அப்புறம் நடந்தே போய் எக்ஸ்ரேயும் எடுத்துக்கொண்டார். 1956இல் நோபல் பரிசு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'சுடுதல்' இனி தாங்காது. அமெரிக்க இதய மருத்துவர் மெல்வின் ஷைன்மன் குழு 1982இல் வெளியிட்ட முறையில் குழாய் வழியாக நேர்மின் அதிர்ச்சியைப் பாய்ச்சினார்கள். பிறகு ரேடியோ அலை வந்தது, தசையை 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் செல் மீளாது. அது வரைக்கும் சுடுதல் சரி. ஆனால் கிரையோ பலூன் உறைய வைக்கிறது. இப்போது வந்திருக்கும் துடிப்பு மின்புல முறையோ மிகச் சிறு நேர உயர் அழுத்த மின்துடிப்புகளால் செல் சவ்வில் ஓட்டை போடுகிறது, சூட்டை நம்பி நடப்பதில்லை, பக்கத்திலிருக்கும் உணவுக்குழாய்க்கும் ஆபத்துக் குறைவு. அமெரிக்காவில் 2023 டிசம்பரில் முதல் கருவிக்கு அனுமதி கொடுத்தார்கள். ஐஸ் வைப்பதையும் சுட்டிகை என்பீர்களா?

எல்லா முறையிலும் கடைசியில் மிஞ்சுவது தழும்பு. தழும்பில் மின்சாரம் ஓடாது, வைத்தியமே அதுதான். 1998இல் பிரான்சின் போர்தோ நகரத்து இதய மருத்துவர் மிஷேல் ஹைசகேர் குழு 45 நோயாளிகளைப் பார்த்து, சோணையறை (இதயத்தின் மேலறை) நடுக்கத்தைக் கிளப்பிவிடும் துடிப்புகளில் 94 விழுக்காடு நுரையீரல் சிரைகளுக்குள்ளிருந்து வருவதாகச் சொன்னது. அதன் பிறகுதான் அந்தச் சிரை வாய்களைச் சுற்றி வளையமாகத் தழும்பு போடும் வழக்கம் பரவியது. அதனால் 'வடுவாக்கம்' என்கிறேன். (இந்தியாவில் ஏட்ரியம், ஆரிக்கிள் என்று ஏன் திண்டாடுகிறீர்கள்? நாங்கள் இலங்கையில் பள்ளியிலேயே சோணையறை என்று படித்தோம்.)

வேம்பு எழுதியது:
வடு என்றால் குற்றம் என்றும் பொருள், அதையா ஒப்புதல் படிவத்தில் போடுவீர்கள்? மாவடுவை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். வள்ளுவர் கணக்கில் தீ சுட்டால் புண், அது உள்ளே ஆறிவிடும். நாக்கு சுட்டால்தான் வடு. மருத்துவர் நாக்காலா சுடுகிறார்?

வடலி எழுதியது:
ஐயா, என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். ஆறுவது புண், ஆறாதது வடு. எங்களுக்கு ஆறக் கூடாது! வளையத்தில் ஓரிடத்தில் தசை தேறிவிட்டால் அந்த இடைவெளி வழியாக மின்சாரம் திரும்ப ஓடும், நோயாளி மறுபடி படபடப்போடு வருவார், இரண்டாவது தடவை செய்ய வேண்டியிருக்கும்.

தழல் எழுதியது:
வடுவாக்கம் நல்ல சொல். ஆனால் கதுவுகுழலை யாரும் மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

வடலி எழுதியது:
மேலேதான் மறுத்தேன்.

பூவரசு எழுதியது:
இந்தப் பெயரை இதுவரை ஒரு நோயாளியும் என்னிடம் கேட்டதில்லை. கேட்பதெல்லாம், முடிந்த பிறகு எத்தனை மணி நேரம் காலை மடக்கக் கூடாது, ஒண்ணுக்கு எப்படிப் போவது என்பதுதான். நெய்தல், உங்கள் தாளில் அது இருக்கிறதா?

நெய்தல் எழுதியது:
இல்லை அக்கா, மூலத்திலேயே இல்லை. கேட்டு எழுதிச் சேர்க்கிறேன். படிவத்தில் 'கதீட்டர் வழி வடுவாக்கம் (அபிலேஷன்)' என்று போட்டு, கீழே ஒரு வரியில் 'இதயத் தசையில் சிறு தழும்பு உண்டாக்கித் தவறான மின்வழியைத் தடுத்தல்' என்று விளக்கமும் கொடுத்து அனுப்பிவிட்டேன். வடலி, சோணையறையை இந்த முறை போட முடியவில்லை, 'இதயத்தின் மேலறை' என்று எழுதியிருக்கிறேன்.

வேம்பு எழுதியது:
போட்டது போகட்டும். கதீட்டரை அடைப்புக்குறிக்கு வெளியே விட்டுவிட்டு அபிலேஷனை மட்டும் உள்ளே தள்ளியது என்ன நியாயம்? சலாகை பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

பூவரசு எழுதியது:
சலாகை வளையாது ஐயா. கதீட்டரின் நுனியைக் கைப்பிடியில் இருக்கும் திருகாலேயே வளைக்கலாம்.