பிரட்டுக்களத்துக்கு வந்த சூப்பர்மேன்: மலையக வாசகர்களின் அனுபவப் பகிர்வு

ஹட்டன், ஆங்கில ஆசிரியர்

2024 நவம்பர் 6 ஆம் திகதி வெளிவந்த ‘அப்சலூட் சூப்பர்மேன்’ கொமிக்ஸின் முதலாம் இதழை வாசித்த இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பகுதி நண்பர்கள், அதை எங்கே, யாருடன், எப்படி வாசித்தார்கள் என்பதையும், வாசித்தபோது வீட்டில் என்ன பேச்சு எழுந்தது என்பதையும் இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தலைப்பிலுள்ள பிரட்டுக்களம், தோட்டத் தொழிலாளர் காலையில் வேலைப் பிரிவுக்காகக் கூடும் இடம். இன்னும் கையில் கிடைக்காதவர்களுக்காக இதழைப் பற்றிச் சில வார்த்தைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜேசன் ஆரன் எழுத, ரஃபா சன்டோவல் வரைந்த கதை இது. இதற்கு ஒரு மாதம் முன்னதாக ஸ்கொட் ஸ்னைடரும் நிக் டிராகொட்டாவும் இதே ‘அப்சலூட்’ வரிசையில் பேட்மேனைக் கொண்டுவந்தார்கள். நாயகனுக்குத் துணையாக இதுவரை இருந்து வந்தவற்றையெல்லாம் பறித்துவிட்டால் அவனிடம் மிஞ்சுவது என்ன என்பதே இந்த வரிசை முழுவதற்குமான கேள்வி.

நாம் அறிந்த சூப்பர்மேன் கைக்குழந்தையாகப் பூமிக்கு அனுப்பப்பட்டு, கான்சஸ் மாநிலத்துப் பண்ணை வீடொன்றில் அன்பான வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தவன். இந்தக் கதையின் சூப்பர்மேனான கல்-எல், பெற்றோரின் முகமும் மொழியும் நினைவில் இருக்கும் வயதுவரை தான் பிறந்த கிரிப்டன் கிரகத்திலேயே வளர்ந்தவன். அந்தக் கிரகமோ வகுப்பு வகுப்பாகப் பிரிந்து கிடக்கிறது. மேலே இருப்போர் ஆள, கீழே இருப்போர் உழைக்க, நிலம் சுரண்டப்பட்டுச் செத்துக்கொண்டிருக்கிறது. மற்றக் கதைகளில் பெரிய விஞ்ஞானியாக வரும் அவனுடைய அப்பா ஜோர்-எல் இங்கே மனைவி லாராவுடன் உழைக்கும் வகுப்பில் இருக்கிறார். நெஞ்சில் பதிந்திருக்கும் அந்த எஸ் வடிவச் சின்னத்தைக் கண்டதும் நான் பக்கத்தைப் புரட்டாமல் நின்றுவிட்டேன். குலப்பெருமையின் சின்னமாகவும் நம்பிக்கையின் சின்னமாகவும் இவ்வளவு காலம் சொல்லப்பட்டு வந்த அது, இங்கே உழைப்பாளியை உழைப்பாளி என்று அடையாளம் காட்டும் குறி. என் தாத்தாவைத் தோட்டத்தில் பெயர் சொல்லி அழைத்தவர்களைவிடச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டு இலக்கம் சொல்லி அழைத்தவர்களே அதிகம் என்று அப்பா சொல்வார். ஒருவனைக் கீழே வைப்பதற்காக இடப்பட்ட குறியை அவனுடைய பிள்ளை வேறொரு உலகத்தில் நெஞ்சை நிமிர்த்தி அணிந்து நிற்கிறான் என்பதை, எத்தனையோ ஆண்டுகளாகச் சூப்பர்மேன் வாசித்து வரும் நான் இந்த இதழில்தான் முதன்முறையாகக் கண்டேன்.

தலவாக்கலை, கொழும்பில் பணிபுரியும் வாசகி

ஹட்டன் ஆசிரியர் சேர் கேட்டதனால் எழுதுகிறேன். கொழும்புக் கடையொன்றில் சொல்லிவைத்து வாங்கிய பிரதியை, தைப்பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். தம்பிக்கு வாசித்துக் காட்டுவதுதான் எண்ணம். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னர், லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டின் காம்பராவில் (அறையில்) நான் ஒவ்வொரு கட்டமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போக, அடுப்படி வேலையை முடித்துவிட்டு வந்த அம்மாவும் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். ஆட்காட்டி விரலிலும் பெருவிரலிலும் எவ்வளவு தேய்த்தாலும் போகாத அந்தக் கறுப்புக் கறையோடு படங்களைத் தொட்டுத் தொட்டு, இது யார், அது யார் என்று கேட்டார்.

கதை பூமிக்கு வரும்போது பிரேசில் நாட்டுச் சுரங்கமொன்றைக் காட்டுகிறது. அங்கே உழைப்போரை லாசரஸ் என்னும் மிகப் பெரிய கம்பனி பிழிந்தெடுக்கிறது. ‘பீஸ்மேக்கர்ஸ்’ என்ற பெயரில் அந்தக் கம்பனிக்கென்று ஆயுதம் தாங்கிய தனிப்படையே இருக்கிறது. அந்தப் படையினரின் படத்தில் விரலை வைத்து, “இது கங்காணியும் இல்ல, பொலிஸும் இல்ல, பிறகு யாரு?” என்று அம்மா கேட்டார். கம்பனியே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் படை என்றேன். “அப்படின்னா அந்த ஆளுங்க யாருகிட்ட போய் முறையிடுறது?” என்பது அடுத்த கேள்வி. கதையின் உயிர்நாடியே அந்தக் கேள்விதான் என்பதை நான் தனியாக வாசித்த முதல் தடவையில் உணரவில்லை.

அதற்கு முந்திய ஆண்டு எங்கள் வீட்டுப் பேச்செல்லாம் சம்பளம்தான். நாள் சம்பளம் 1,700 ரூபா என்று அரசாங்கம் வர்த்தமானியில் அறிவித்ததும், கம்பனிகள் நீதிமன்றம் சென்றதும், செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று முடிந்ததும் அம்மாவுக்கு மனப்பாடம். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டுவிடுவார்கள் என்ற பயத்தோடு மழையில் மலை ஏறுபவருக்கு, மேலிருந்து கட்டளையிடும் கம்பனியைப் பற்றி நான் எந்த விளக்கமும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கடைசியில் அவர் கேட்டது ஒன்று: “பறக்கத் தெரிஞ்சவன் ஏன் அந்தக் குழிக்குள்ள வந்து நிக்கிறான்?” அவனுடைய அம்மாவும் அப்பாவும் அப்படிப்பட்ட வேலை செய்தவர்கள் என்று தம்பி முந்திக்கொண்டு பதில் சொன்னான். அம்மா தலையாட்டிவிட்டு, மறுபடியும் கிரிப்டன் பக்கத்தைத் திருப்பச் சொல்லி லாராவின் படத்தை நீண்ட நேரம் பார்த்தார். பறக்கும் படங்களை அவர் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

பதுளை, ஓய்வு பெற்ற தபால் ஊழியர்

தங்கை எழுதியதை வாசித்தபோது மனம் நெகிழ்ந்தது. இருந்தாலும் மூத்த வாசகன் என்ற முறையில் மாற்றுக் கருத்தொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் கொமிக்ஸ் வாசிக்கத் தொடங்கியது சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் வழியாக. 1972 இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய அந்த வரிசை, இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி நெருக்கப்பட்டிருந்த அந்தக் காலத்தில் பதுளையில் லேசில் கிடைக்காது. யாராவது தமிழகம் போய்வந்தால் ஒரு பிரதி வரும். அது தோட்டம் தோட்டமாகச் சுற்றி, அட்டை கிழிந்து, கோதுமை மாப் பசையால் ஒட்டப்பட்டு எங்களிடம் வந்து சேரும். 1977 இற்குப் பிறகு நிலைமை இலேசாயிற்று. 1984 இல் லயன் காமிக்ஸ் தொடங்கியதும் ஸ்பைடர் என்ற பிரித்தானியக் கொமிக்ஸ் நாயகனின் கதைகளுக்காகப் பஸ் நிலையத்துக் கடைக்கு நடையாய் நடந்தோம்.

அந்தக் கதைகளில் நான் தேடியது என் வாழ்க்கையை அல்ல. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் காற்றில் மிதந்து வரும் அந்த வியப்புக்காகத்தான் மண்ணெண்ணெய் விளக்கருகே கண் எரிய வாசித்தேன். லயத்தின் துன்பத்தை அறிந்துகொள்ள எனக்குக் கொமிக்ஸ் தேவைப்படவில்லை. ஆகவே புதிய சூப்பர்மேனிடமிருந்து அந்தப் பண்ணை வீட்டின் நிம்மதியையும் வளர்ப்புத் தாய் தந்தையரின் அரவணைப்பையும் எடுத்துவிட்டார்கள் என்று அறிந்தபோது எனக்கு வருத்தமே மேலோங்கியது. அவனுடைய கருணை எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த வீடு ஒரு விடையாக இருந்தது.

ஆனாலும் நியாயம் நியாயம்தான். சூப்பர்மேன் தொழிலாளர் பக்கம் நிற்பது இன்று புகுத்தப்பட்ட சரக்கு என்று இணையத்தில் சிலர் குறைப்படுவதைப் பார்க்கிறேன். அது சரியல்ல. 1938 இல் ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அவனைப் படைத்த அதே ஆண்டில், ‘அக்‌ஷன் கொமிக்ஸ்’ மூன்றாம் இதழிலேயே அவன் சுரங்கத் தொழிலாளியாக வேடமிட்டு ஒரு சுரங்கத்துக்குள் இறங்குகிறான். பாதுகாப்பற்ற சுரங்கத்தால் வரும் ஆபத்தை உணராத முதலாளியையும், அவருடைய விருந்துக்கு வந்த கனவான்களையும் அதே சுரங்கத்துக்குள் அடைபட வைத்து, உயிர்ப்பயம் என்ன என்று அவர்களுக்குக் காட்டுகிறான். நாங்கள் பஸ் நிலையத்தில் காத்துக்கிடந்து வாங்கிய ஸ்பைடர் கதைகளில் பலவற்றை அறுபதுகளில் பிரித்தானிய இதழுக்காக எழுதியவரும் இதே ஜெரி சீகல்தான் என்பதை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே அறிந்துகொண்டேன். தான் படைத்த சூப்பர்மேனின் உரிமையை அற்ப விலைக்குக் கொடுத்துவிட்டு வாழ்நாளெல்லாம் வழக்காடிய ஒரு மனிதரின் கதைகள் என் இளமைக்குத் துணையாக இருந்திருக்கின்றன. அவர் இருந்திருந்தால் இந்தப் புதிய இதழை அந்நியமாக நினைத்திருக்கமாட்டார் என்றே எனக்குப் படுகிறது.

பண்டாரவளை, உயர்தர மாணவன்

எனக்குப் பேட்மேன் இதழ்தான் அதிகம் பிடித்தது. அதில் புரூஸ் வெய்னிடம் மாளிகையும் இல்லை, பணமும் இல்லை. அப்பா பாடசாலை ஆசிரியர். அம்மா உயிரோடு இருக்கிறார். நெஞ்சிலிருக்கும் வௌவால் சின்னத்தையே கழற்றிக் கோடரியாக வீசுகிறான். பணக்காரனால் மட்டுமே பேட்மேன் ஆக முடியும் என்று வகுப்பில் என்னோடு வாதாடிய நண்பன், அதை வாசித்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டான். அப்சலூட் சூப்பர்மேனைக் கைத்தொலைபேசியில்தான் வாசித்தேன். படங்கள் சிறிதாகத் தெரிந்ததால் கிரிப்டன் பகுதிகளை முழுமையாக ரசிக்க முடியவில்லை.

பேராதனை, பல்கலைக்கழக மாணவி

படங்களைப் பற்றி ஒருவரும் விரிவாக எழுதவில்லை என்பதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். சன்டோவல் வரைந்த மேலங்கி துணியால் ஆனதல்ல. கிரிப்டனின் தூசியே சிவப்பாக எழுந்து அவன் தோளைச் சுற்றி அலைகிறது. அவனுடைய ஆடைக்குள் ‘சோல்’ (Sol) என்னும் செயற்கை அறிவு இருந்து அவனோடு பேசுகிறது. உலிசஸ் அரியோலாவின் நிறங்களில் அந்தச் சிவப்பு, சுரங்கத்து மண்ணின் நிறத்தோடு சேர்ந்துகொள்ளும் கட்டங்களை நான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழிந்துபோன ஊரின் மண்ணைத் தோளில் சுமந்து திரிகிறவன் என்பதைச் சொல்லுக்கு வேலை வைக்காமல் ஓவியம் சொல்லிவிடுகிறது. லொயிஸ் லேனைப் பத்திரிகையாளராக அல்லாமல் லாசரஸின் முகவராகக் கொண்டுவந்ததும் துணிச்சலான முடிவு. உண்மையைத் தேடும் குணமுள்ள ஒருத்தியைத் தவறான பக்கத்தில் நிறுத்தியிருப்பதனால் அவள் எப்போது விழித்துக்கொள்வாள் என்ற எதிர்பார்ப்பு முதல் இதழிலேயே பிறந்துவிடுகிறது.

எனக்குள்ள மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பதுளை ஐயாவின் குறை வேறு, என்னுடையது வேறு. சுரங்கத்து மக்கள் காப்பாற்றப்படுகிறார்கள். ஆனால் அவர்கள் தாமாகச் செய்வது என்ன என்பதில் கதைக்கு இருக்கும் அக்கறை எனக்குப் போதவில்லை. நான் பிறந்த ஹேவாஹெட்டைப் பக்கத்தில் முல்லோயாத் தோட்டம் இருக்கிறது. 1940 ஜனவரியில் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதற் தியாகி என்று அவரைச் சொல்கிறோம். அந்த மக்களைக் காப்பாற்ற வானத்திலிருந்து ஒருவரும் வரவில்லை, வருவார் என்று அவர்கள் காத்திருக்கவும் இல்லை. சம்பளம் கேட்டுத் தாமாகவே வேலையை நிறுத்தினார்கள். இந்தக் கதையை எழுதுகிறவர் உழைப்பாளரின் பிள்ளையை நாயகனாக்கியதோடு நின்றுவிடக்கூடாது, அந்தச் சுரங்கத்தில் ஒருவருக்காவது பெயரும் கோபமும் முடிவெடுக்கும் உரிமையும் கொடுத்துத் தொடர்ந்து வர விட வேண்டும் என்பது என் ஆசை.

தலவாக்கலை, கொழும்பில் பணிபுரியும் வாசகி

பேராதனைத் தங்கையின் கருத்தோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். அன்றிரவு அம்மா கேட்ட இன்னொரு கேள்வியை எழுத விட்டுவிட்டேன். “அங்க சங்கம் இல்லையா?” என்று கேட்டார். நான் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த இதழில் காட்டவில்லை அம்மா என்றேன். ஐயா சொன்ன வியப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தம்பிக்கு அந்த வியப்பு குறையவே இல்லை. தூசி மேலங்கியை நான்கு தடவை வரைந்துவிட்டான். வியப்பும் நம் வாழ்க்கையும் ஒரே இதழில் கிடைக்கும் என்பதற்கு எங்கள் வீடே சாட்சி.

மஸ்கெலியா, மாலை வகுப்பு நடத்துபவர்

எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஹட்டன் சேரிடம் இரவல் வாங்கிய பிரதியைக் காட்டி, கதையைத் தமிழில் சொன்னேன். சண்டைக் காட்சிகளைவிட அவர்களை அதிகம் குடைந்தது ஒரு சந்தேகம்: வேறு கிரகத்திலிருந்து வந்தவனுக்கு அடையாள அட்டை யார் கொடுப்பார்கள்? ஒரு மாணவி எழுந்து, தன் பூட்டிக்கு நெடுங்காலம் அடையாள அட்டையே இருக்கவில்லை என்றாள். மலையக மக்களை நாடற்றவர்களாக்கிய 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றியும், நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்கு 2003 இல் சட்டம் இயற்றிக் குடியுரிமை வழங்கப்பட்டதைப் பற்றியும் அன்று பேச நேர்ந்தது. வரலாற்றுப் பாடமாக நடத்தும்போது கொட்டாவி விடும் பிள்ளைகள், அன்று இருட்டும்வரை எழுந்து போகவில்லை. பழைய கதைகளில் பண்ணைக்காரத் தம்பதியர் அவனைத் தம் பிள்ளை என்று சொல்லிவிட்டதனால் அந்தப் பிரச்சினையே எழவில்லை, இதில் அவனுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை என்று ஒரு பையன் சொன்னபோது, பதுளை ஐயா வருத்தப்பட்ட அதே மாற்றம் இந்தப் பிள்ளைகளைக் கதைக்குள் இழுத்துவிட்டிருப்பதைக் கண்டேன்.

இரண்டாம் இதழையும் கேட்டு நச்சரிக்கிறார்கள். தலவாக்கலைத் தங்கையோ வேறு யாரோ அடுத்த தடவை கொழும்பிலிருந்து வரும்போது கொண்டுவந்தால், ஹட்டனுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். பிள்ளைகளின் கையில் கொடுக்காமல் நானே புரட்டிக் காட்டிவிட்டு, அட்டை கசங்காமல் திருப்பித் தருவேன்.