ஆடிக் காத்துக்குத் தோலைக் காப்பாத்துதது: தெரு குரூப்புல பேசினது

குழு: பணகுடி கீழத்தெரு வீடுகள்

மாரியம்மா, காலை 6:48
மதினி, பிள்ளைக்குக் காலு ரெண்டும் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையா இருக்கு. நகத்தால கீறுனா கோடு விழுது. ராத்திரி பூரா சொறியுதா. தேங்காண்ணெ தேய்க்கத்தான் செய்யுதேன், கேக்க மாட்டேங்குது.

செல்வி மதினி (நர்ஸ்), 6:55
எண்ணெ எப்பத் தேய்க்க?

மாரியம்மா, 6:55
படுக்கப் போகும்போது.

செல்வி மதினி, 7:03
அதான் கேக்கலை. எண்ணெ தோலுக்குத் தண்ணி குடுக்காது. இருக்க தண்ணி வெளிய போயிராம மூடத்தான் செய்யும். காஞ்ச காலுல தேய்ச்சா மூடுததுக்கு உள்ள ஒண்ணுமில்லை. குளிச்சதும் துண்டால ஒத்தி எடு, அழுத்தித் துடைக்காத. தோல் ஈரமா இருக்கும்போதே, 3 நிமிசத்துக்குள்ள, எண்ணெ போட்டிரு. அவளுக்கு ரெண்டு காலுக்கும் சேத்து 1 டீஸ்பூன் போதும். மேலருந்து கீழ, முடி படுத்திருக்க பக்கமாவே தடவு. எதிர்த்துத் தேய்ச்சா மயிர்க்கால்ல குருகுருன்னு கொப்புளம் வந்திரும். ராத்திரியும் போடணும்னா, ஈரத்துணியால காலைத் துடைச்சிட்டுப் போடு.

தங்கராசு சார், 7:10
நம்ம ஊருக்கு இது அவசியம். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிட்டு, ஆரல்வாய்மொழி கணவாய் வழியா நம்ம பக்கம் இறங்குத காத்துல ஈரம் கம்மி, வேகம் கூட. குத்தாலத்துல சாரல் விழுத அதே நாள்ல இங்கன வறக்காத்து. வேர்வையும் உடனே காஞ்சிருதனால, தோல் வறண்டு போறதே தெரியாது.

பேச்சியம்மா ஆச்சி, 7:21
நல்லெண்ணெ தேய்ச்சு நல்ல சுடுவெந்நியில குளிக்க வையிட்டி. எல்லாம் சரியாப் போகும்.

செல்வி மதினி, 7:30
நல்லெண்ணெ சரிதான் ஆச்சி, சுடுவெந்நிதான் வேண்டாம். கொதிக்க ஊத்தி, சீயக்காயும் போட்டுத் தேய்ச்சா தேய்ச்ச எண்ணெயோட தோலுல ஊறியிருக்க சொந்த எண்ணெயும் போயிருது. வெதுவெதுப்பு போதும், 10 நிமிசத்துக்குள்ள முடிச்சிருங்க. சீயக்காயைத் தலையோட நிறுத்திக்கோங்க. நீங்க எண்ணெ தேய்ச்சா உக்காந்தே குளிங்க, தரை வழுக்கும்.

இசக்கி அண்ணாச்சி (மெடிக்கல்), 7:41
சோப்பையும் பாக்கணும். நம்ம போர் தண்ணி உப்புத் தண்ணி. அதுல இருக்க கால்சியம் சோப்போட சேந்து நுரைக்காம ஒரு பிசுக்கா தோலுல படியும். அந்தப் பிசுக்கே அரிப்பைக் கிளப்பும். கக்கம், தொடையிடுக்கு, பாதம், இதுக்கு மட்டும் சோப்புப் போட்டாப் போதும். கையி காலுக்கு வெறும் தண்ணி. கடைசியா ரெண்டு செம்பு குடிதண்ணியை மேல ஊத்திக்கிட்டா நல்லது. குளிக்க தண்ணியில கிருமிநாசினி மருந்து ஊத்துத பழக்கத்தையும் விட்டிருங்க. காஞ்ச தோலை அது எரிக்கும்.

சுடலை, 7:52
அண்ணாச்சி, கிளிசரின் பூசலாமா? பைக்குல வள்ளியூர் போயிட்டு வந்தா மூஞ்சி இழுத்துப் பிடிக்கு.

இசக்கி அண்ணாச்சி, 7:58
அப்படியே பூசாத. காத்துல ஈரம் இல்லைன்னா கிளிசரின் உள்தோல்ல இருக்க தண்ணியை மேல இழுக்கும், அதைக் காத்து கொண்டு போயிரும். 1 பங்கு கிளிசரின், 2 பங்கு தண்ணி கலந்து, ஈர முகத்துல பூசி, அதுக்கு மேல லேசா கிரீம் போடு. பரு வருத மூஞ்சின்னா தேங்காண்ணெ வேண்டாம், அடைச்சிரும்.

செல்வி மதினி, 8:04
வந்ததும் காஞ்ச துண்டால மூஞ்சியைத் துடைக்காத சுடலை. செம்மண் புழுதி மணல் மணலா ஒட்டியிருக்கும், தேய்ச்சா தோலை அராவும். முதல்ல தண்ணியை அள்ளி அள்ளி ஊத்து. பொறவு ஒத்தி எடு. போகும்போது வெயிலுக்குப் போடுத எஸ்.பி.எஃப் 30 கிரீமை ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் போடு. காத்து குளுகுளுன்னு இருக்கும், வெயில் சுடுதது தெரியாது, ஆனா கருக்கும். மூஞ்சியைச் சுத்துத துணியைத் தினம் அலசு.
உதட்டை நக்காத. எச்சி காயக் காய இன்னும் வெடிக்கும். வாசலைனோ வெண்ணெயோ தடவு.

மாரியம்மா, 8:15
அப்பாவுக்குக் குதிங்கால் பாளம் பாளமா வெடிச்சிருக்கு அண்ணாச்சி.

இசக்கி அண்ணாச்சி, 8:19
யூரியா கிரீம் இருக்கு, 10 சதவீதம்.

பேச்சியம்மா ஆச்சி, 8:21
வயலுக்குப் போடுத யூரியாவா? அதைப் போயி காலுலயா?

இசக்கி அண்ணாச்சி, 8:26
பொருள் ஒண்ணுதான் ஆச்சி. ஆனா மருந்துக்குச் சுத்தம் பண்ணி, அளவாக் கலந்தது. நம்ம தோலுக்குள்ளயே யூரியா உண்டு, தண்ணியைப் பிடிச்சு வைக்கும். உரத்தைக் கரைச்சு யாரும் பூசிராதிய, புண்ணாயிரும். கிரீமும் தடிச்ச தோலுக்குத்தான். ரத்தம் தெரியுத வெடிப்புல போட்டா எரியும். அங்கன வாசலைன் மட்டும் போட்டு, பருத்திச் சாக்ஸ் மாட்டிப் படுக்கச் சொல்லு. வாசலைன் ஊறுன துணி சட்டுன்னு தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் அதோட போக வேண்டாம்.

மாரியம்மா, 8:30
வெந்நியில ஊற வச்சு, கல்லால தேய்க்கலாமா? அப்பாவுக்குச் சுகர் உண்டு.

செல்வி மதினி, 8:38
சுகர் இருந்தா ரெண்டும் கூடாது. காலு மரத்திருக்கும், வெந்நி சுட்டாலும் தெரியாது, கல்லு கீறினாலும் தெரியாது. தண்ணியில ஊறப் போடாம சும்மா கழுவி, விரலிடுக்கை நல்லாத் துடைச்சிரு. இடுக்குல கிரீம் போடாத, ஈரம் தங்கிச் சேத்துப்புண் வரும். தினம் ராத்திரி நீயே டார்ச் அடிச்சு உள்ளங்காலைப் பாரு. சிவப்போ, சீழோ, வாடையோ இருந்தா மறுநாளே டாக்டர்ட்ட காட்டணும்.

சுடலை, 8:44
மதினி, எனக்கு இடுப்புலயும் வட்டமா வறண்டு அரிக்கு. இதே எண்ணெய போடவா?

செல்வி மதினி, 8:49
ஓரம் தடிச்சு, நடுவுல தெளிஞ்சு இருக்கா? அப்ப அது வறட்சி இல்லை, படர்தாமரை. எண்ணெ வேண்டாம். கடையில கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பும் வாங்கிராத. 2 நாளு அரிப்பு அடங்கும், பொறவு முன்னைவிடப் பெருசாப் பரவும். டாக்டரைப் பாரு.

இசக்கி அண்ணாச்சி, 8:51
எங்கிட்ட வந்தாலும் சீட்டு இல்லாம அதைத் தர மாட்டேன் சுடலை. மாரி, கிரீமைச் சாயந்தரம் தெருப் பக்கம் வரும்போது கொண்டாரேன். அப்பா காலைப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்.