சின்ஸ், ஃபார், ஹாவ்: யாராவது தமிழில் விளக்குங்களேன்

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், வெளிநாட்டு பையர்களுக்குத் தினமும் ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிற வேலை. போன வாரம் 'வி ஆர் வெயிட்டிங் சின்ஸ் டென் டேஸ்' என்று எழுதியிருந்தேன், மேனேஜர் அதை 'வி ஹாவ் பீன் வெயிட்டிங் ஃபார் டென் டேஸ்' என்று மாற்றிவிட்டுப் போய்விட்டார், ஏன் என்று கேட்க அப்போது நேரமில்லை.

ராத்திரி உட்கார்ந்து யோசித்ததில் பாதி புரிந்தது. 'பத்து நாளாக' என்று கால அளவைச் சொன்னால் ஃபார், 'திங்கட்கிழமையிலிருந்து' என்று தொடங்கிய நாளைச் சொன்னால் சின்ஸ். தமிழில் 'பத்து நாளாகக் காத்திருக்கிறோம்' என்று நிகழ்காலத்திலேயே முடித்துவிடுகிறோம், அதனால்தான் கை தானாக 'ஆர் வெயிட்டிங்' என்று எழுதுகிறது போல.

சரி, மாட்டிக்கொண்ட இடம் இதுதான். 'ஐ ஹாவ் சென்ட் த சாம்பிள்' சரி, கடைசியில் 'ஆல்ரெடி' சேர்த்தாலும் சரி, ஆனால் 'எஸ்டர்டே' சேர்த்தால் தப்பு, 'ஐ சென்ட்' என்றுதான் எழுத வேண்டுமாம். அப்படியென்றால் 'திஸ் மார்னிங்' என்று வந்தால் எதைப் போடுவது? காலை பதினொரு மணிக்கு எழுதும் மெயிலுக்கும் சாயங்காலம் எழுதும் மெயிலுக்கும் வித்தியாசம் உண்டா?

பன்னிரண்டு காலங்களையும் கட்டம் போட்ட அட்டவணை என்னிடம் இருக்கிறது, அது வேண்டாம். மெயிலில் வருகிற மாதிரி நாலைந்து வாக்கியம் கொடுத்து, தமிழில் காரணம் சொன்னால் போதும். அப்புறம், நான் மேலே எழுதியதில் தப்பிருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.