லிப்ரே என்எம்எஸ்: வளாகத்துச் சுவிட்சுகள் பாதிதான் சேருகின்றன, தானாகக் கண்டறியும் வசதியை எப்படி அமைப்பது?

தென்னந்தோப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு பொறியியல் கல்லூரியின் நெட்வொர்க்கைப் பராமரிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. இதற்கு முன்பு கண்காணிப்பு என்று எதுவும் இங்கே இருந்ததில்லை. விடுதியிலிருந்து வார்டன் அழைத்தால்தான் ஒரு சுவிட்ச் நின்றுபோன செய்தி எங்கள் அறைக்குத் தெரியவரும். அதை மாற்றுவதற்காக ஒரு சர்வரில் லிப்ரே என்எம்எஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளை நிறுவி, வளாகம் முழுவதற்கும் உரிய 10.20.0.0/16 என்ற முகவரித் தொகுதியை அப்படியே கொடுத்து, அந்த மென்பொருளுடன் வரும் எஸ்என்எம்பி (சாதனங்களிடம் அவற்றின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறை) ஸ்கேன் நிரலை ஓடவிட்டேன்.

நெடுநேரம் ஓடி முடிந்தபின் கிடைத்த பட்டியல் குழப்பமாக இருக்கிறது. மைய சுவிட்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் நிர்வாக முகவரியில் அல்லாமல் ஆய்வகத்து விலானின் (தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்கின்) கேட்வே முகவரியில் சேர்ந்திருக்கிறது. விடுதியில் ஒரே மாடலில் வாங்கிப் பொருத்திய 12 சுவிட்சுகளில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. மற்றவற்றிலும் அதே கம்யூனிட்டி சொல்தான் (எஸ்என்எம்பிக்கான கடவுச்சொல் போன்றது) உள்ளது, பிங் செய்தால் (இயங்குகிறதா என்று தட்டிப் பார்த்தால்) பதிலும் வருகிறது. ஃபயர்வால் வரவே இல்லை. டெபியன் சர்வர்கள் இரண்டு சேர்ந்தன, ஆனால் அவற்றின் பக்கத்தில் வட்டு, நினைவகம், போர்ட் ஆகிய எதற்கும் வரைபடம் இல்லை.

இந்த ஸ்கேனை நாள்தோறும் இரவில் ஓடுமாறு வைத்தால் விடுபட்டவை தாமாகச் சேர்ந்துவிடுமா, அல்லது ஒவ்வொன்றையும் கையால் சேர்ப்பதுதான் வழியா?

செப்புக்கம்பி எழுதியது:

வணக்கம் நண்பரே. நீங்கள் சொன்ன நான்கு அறிகுறிகளுக்கும் காரணம் ஒன்றல்ல. இரவுதோறும் ஸ்கேன் ஓட்டினாலும் இவற்றில் ஒன்றுகூடத் தீராது.

முதலில் விடுதிச் சுவிட்சுகள். அவற்றில் ஏதேனும் ஒன்றில் 1.3.6.1.2.1.1.5.0 என்ற ஓஐடியை (எஸ்என்எம்பியில் ஒரு தகவலைக் குறிக்கும் எண்) கேட்டுப் பாருங்கள். அதுதான் சிஸ்நேம், அதாவது சாதனம் தனக்கென்று சொல்லிக்கொள்ளும் பெயர். பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே மாட்டியிருந்தால் பன்னிரண்டும் வெறுமனே ‘சுவிட்ச்’ என்றோ மாடல் பெயரையோதான் சொல்லும். ஒரே சிஸ்நேம் கொண்ட இரண்டாவது சாதனத்தை லிப்ரே என்எம்எஸ் இயல்பாகவே ஏற்காது. பல முகவரிகள் கொண்ட ஒரே ரூட்டர் பல முறை பதிவாகிவிடக் கூடாது என்பதற்காக வைத்த தடை அது. உங்கள் மைய சுவிட்ச் ஒரே ஒரு முறை மட்டும் பதிவானதற்கும் அந்தத் தடைதான் காரணம், முதலில் பதில் கிடைத்த முகவரி எதுவோ அதன் பெயரிலேயே அது நின்றுவிட்டது. தடையை நீக்க அமைப்பில் வழி இருக்கிறது என்றாலும் அதைத் தொடாமல், கட்டடம், தளம், வரிசை எண் மூன்றும் தெரியும்படி ஒவ்வொரு சுவிட்சுக்கும் பெயர் வைத்து, அதே பெயரை டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு உரிய முகவரியைத் தரும் சேவை) அதன் நிர்வாக முகவரியோடு பதிந்துவிடுங்கள்.

ஃபயர்வாலைப் பொறுத்தவரை, சாதனத்தைச் சேர்க்கும் முன் லிப்ரே என்எம்எஸ் பிங் செய்து பார்க்கும்; பதில் வராவிட்டால் எஸ்என்எம்பி வரை போகாமலே கைவிட்டுவிடும். ஆகவே கண்காணிப்புச் சர்வரின் ஒரே முகவரிக்கு மட்டும் ஐசிஎம்பியையும் (பிங்குக்கு) யுடிபி 161 போர்ட்டையும் (எஸ்என்எம்பிக்கு) அனுமதியுங்கள். சோதனையையும் அந்தச் சர்வரிலிருந்தே செய்யுங்கள், உங்கள் மடிக்கணினியிலிருந்து வேண்டாம். ஏனென்றால் இரண்டாம் பதிப்பு எஸ்என்எம்பியில் கம்யூனிட்டி சொல் தவறானாலும், அனுமதிப் பட்டியலில் உங்கள் முகவரி இல்லாமல் போனாலும், அங்கே சாதனமே இல்லாவிட்டாலும் கேட்பவருக்குக் கிடைப்பது ஒரே மௌனம்தான். ‘டைம் அவுட்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மூன்றில் எது என்று பிரித்தறிய முடியாது.

டெபியன் சர்வர்களின் சிக்கல் எளிது. அங்கே எஸ்என்எம்பி கேள்விகளுக்குப் பதில் தரும் எஸ்என்எம்பிடி நிரல் தொடக்கத்தில் 127.0.0.1 (அதே சர்வர்) முகவரியில் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும். அதை யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள், ஆனால் அதே அமைப்புக் கோப்பில் சில வரிகள் தள்ளி ‘சிஸ்டம்ஒன்லி’ என்ற பார்வை வரையறுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்கவில்லை. அந்தப் பார்வை 1.3.6.1.2.1.1, 1.3.6.1.2.1.25.1 ஆகிய இரு கிளைகளை மட்டும் காட்டும். வட்டும் நினைவகமும் 25.2 கிளையிலும், போர்ட்டுகள் 1.3.6.1.2.1.2 கிளையிலும் இருப்பதால், சர்வர் தன் பெயரையும் இயங்கு நேரத்தையும் சொல்லிவிட்டு மற்றதற்கெல்லாம் வாய்மூடிக்கொள்கிறது. பார்வையை விரிவாக்கினால் அடுத்த கண்டறிதலில் எல்லாம் வந்துவிடும். அது 6 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் ஓடும்; காத்திருக்க விருப்பமில்லையென்றால் அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் கண்டறிதலைக் கையால் ஓட்டலாம்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். /16 தொகுதியில் 65,534 முகவரிகள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதைவிட, ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மைய சுவிட்சிடம் அதன் அண்டைச் சாதனங்களைக் கேட்பதே மேல். எல்எல்டிபி என்ற அறிவிப்பு நெறிமுறை இயங்கும் சுவிட்ச் ஒவ்வொன்றும் இயல்பாக 30 விநாடிக்கு ஒரு முறை தன் பெயரையும் போர்ட்டையும் அடுத்த முனைக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும், சிஸ்கோவின் சிடிபியில் அது 60 விநாடி. லிப்ரே என்எம்எஸ் அந்தப் பட்டியலை எஸ்என்எம்பி வழியாகப் படித்து, அங்கே காணும் பெயரை டிஎன்எஸ்ஸில் தேடி, கிடைத்த முகவரி நீங்கள் அனுமதித்த தொகுதிக்குள் இருந்தால் தானே சேர்த்துக்கொள்ளும். அந்தப் புதிய சுவிட்சின் அண்டைகளும் அதே வழியில் வந்து சேரும். டிஎன்எஸ்ஸில் பெயர் இல்லாதவை இயல்பாகச் சேர்க்கப்படமாட்டா. முகவரியைக் கொண்டே சேர்க்கும் அமைப்பு ஒன்று உண்டு என்றாலும், பெயர் வைக்கும் வேலையைத் தள்ளிப்போட அது சாக்காகிவிடும் என்பது என் கருத்து.

ஆகவே அனுமதித் தொகுதியை வளாகம் முழுவதற்கும் திறக்காமல் நிர்வாக விலானுக்கு மட்டும் சுருக்குங்கள். ஐபி தொலைபேசிகள் இருந்தால் அவையும் எல்எல்டிபி பேசும் என்பதால், விலக்குப் பட்டியலில் அவற்றின் பெயர் வடிவத்தைச் சேர்த்துவிடுவது நல்லது.

நள்ளிரவுஷிஃப்ட் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் ஸ்கேனை முழுவதுமாக ஒதுக்க வேண்டியதில்லை. அண்டைச் சாதனங்களைப் பின்தொடரும் முறை, எல்எல்டிபி பேசாத எதையும் காணாது. யுபிஎஸ்ஸின் எஸ்என்எம்பி அட்டை, சிசிடிவி பதிவுப் பெட்டி, பழைய பிரிண்டர் ஆகியவை பெரும்பாலும் அந்த வகை. மின்தடை ஏற்படும் இடத்தில் யுபிஎஸ்ஸைக் கண்காணிக்காமல் சுவிட்சை மட்டும் கண்காணிப்பது பாதி வேலைதான். எனவே இவை இருக்கும் சிறு தொகுதிகளை மட்டும், /24 அளவில், எப்போதாவது ஒரு முறை ஸ்கேன் செய்வது நியாயமானது. எஸ்என்எம்பி பேசாமல் பிங்குக்கு மட்டும் பதில் தருவனவற்றை ‘பிங் மட்டும்’ சாதனமாகச் சேர்க்கும் விருப்பமும் அந்த நிரலில் உள்ளது.

ஏஆர்பி அட்டவணை (நெட்வொர்க்கில் பேசும் சாதனங்களின் முகவரிப் பட்டியல்) வழிக் கண்டறிதலை மட்டும் இயக்கிவிடாதீர்கள். விடுதி மாணவர்களின் கைப்பேசியும் மடிக்கணினியும் எல்லாம் அந்த அட்டவணையில் இருக்கும். அது இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருப்பது காரணத்தோடுதான். அதேபோல எஸ்என்எம்பியை விட்டுவிட்டு வேறு போர்ட் ஸ்கேனர்களால் முழு வளாகத்தையும் துழாவினால், 9100 போர்ட்டுக்கு வருவதையெல்லாம் அச்சிட வேண்டிய ஆவணமாகவே கருதும் பிரிண்டர்கள் பக்கம் பக்கமாகக் குப்பையைக் கக்கக்கூடும். என்மேப் என்ற போர்ட் ஸ்கேனர் தன் பதிப்பறியும் சோதனையில் 9100 முதல் 9107 வரையான போர்ட்டுகளை இயல்பாகத் தவிர்ப்பது இதற்காகத்தான், மற்றக் கருவிகளிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. தேர்வுப் பிரிவின் பிரிண்டரில் இது நடந்தால் விளக்கக் கடிதம் எழுத வேண்டியவர் நீங்கள்தான்.

இன்னொன்று: அமைப்பில் பல கம்யூனிட்டி சொற்களை அடுக்கி வைத்திருந்தால், லிப்ரே என்எம்எஸ் ஒவ்வொரு புதிய முகவரியிலும் அவற்றை வரிசையாக முயன்று பார்க்கும். தவறிய ஒவ்வொரு முயற்சிக்கும் சாதனம் அங்கீகாரத் தோல்வி ட்ராப் (எச்சரிக்கைச் செய்தி) அனுப்பலாம், அத்துடன் அந்தச் சொற்கள் குறியாக்கம் இல்லாமல் கேட்போர் யாருக்கும் தெரியும்படி போகின்றன. வாய்ப்பிருந்தால் புதிய சுவிட்சுகளிலாவது எஸ்என்எம்பியின் மூன்றாம் பதிப்புக்கு மாறிவிடுங்கள். அதில் பயனர் பெயர் தவறினால் ‘அறியாத பயனர்’ என்று சாதனமே பதில் சொல்லும் என்பதால், செப்புக்கம்பி அவர்கள் சொன்ன மௌனச் சிக்கலும் ஓரளவு குறையும்.

தென்னந்தோப்பு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சிஸ்நேம் சந்தேகம் சரியாகவே இருந்தது. பன்னிரண்டும் ஒரே பெயரைச் சொல்லின. பெயர்களை மாற்றி டிஎன்எஸ்ஸில் பதிந்தபின் எல்எல்டிபி வழியாகவே ஏழு சுவிட்சுகள் கையே வைக்காமல் சேர்ந்துவிட்டன, டெபியன் சர்வர்களின் வரைபடங்களும் வரத் தொடங்கிவிட்டன. மீதமுள்ள நான்கும் இரண்டாம் தளத்தில் உள்ளவை. அவை மைய சுவிட்சின் அண்டைப் பட்டியலில் நேரடியாக இணைந்தவை போல ஒரே போர்ட்டில் நான்காகத் தெரிகின்றன, ஆனால் கேபிள் அப்படிப் போகவில்லை. சேர்க்கவும் படவில்லை.

செப்புக்கம்பி எழுதியது:

ஒரே போர்ட்டில் நான்கு அண்டைகள் தெரிந்தால் நடுவில் நிர்வகிக்க முடியாத மலிவு சுவிட்ச் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். எல்எல்டிபி சட்டகங்கள் 01:80:சி2:00:00:0இ என்ற முகவரிக்குப் போகின்றன. தரநிலைப்படி சுவிட்சுகள் அவற்றை முன்னனுப்பக் கூடாது, ஆனால் மலிவுச் சாதனங்கள் பல அந்த விதியைப் பொருட்படுத்தாமல் எல்லாப் போர்ட்டிலும் கொட்டிவிடும். இரண்டாம் தளத்து ராக்கிலோ மேற்கூரைக்கு மேலோ தேடிப் பாருங்கள்.

சேராததற்குக் காரணம் அதுவாக இராது. அந்த நான்கின் நிர்வாக முகவரி எந்த விலானில் இருக்கிறது என்று பாருங்கள். நடுவில் உள்ள பெட்டி விலான் குறியிட்ட சட்டகங்களைச் சரியாகக் கடத்தாமல் போனால், எல்எல்டிபியில் பெயர் தெரிந்தாலும் பிங் போகாது. கண்காணிப்புச் சர்வரிலிருந்து அவற்றின் டிஎன்எஸ் பெயருக்குப் பிங் செய்து, விளைவை இங்கே இடுங்கள். பதில் வந்தால் எஸ்என்எம்பி அனுமதிப் பட்டியலைப் பார்ப்போம், வராவிட்டால் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு நான்கிற்கும் தனித்தனி அப்லிங்க் (மேல்நிலைச் சுவிட்சுக்கு நேரடி இணைப்பு) போடுவதே சரி.