களப்புத் தொழிலுக்கு சோலர் வள்ளம்: பாவிச்ச ஆக்கள், பாத்த ஆக்கள் சொல்லுங்கோ

வட்டுவாகலான்:
2022 ஓகஸ்டில வள்ள இஞ்சினுக்கு ஊத்திற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலயிருந்து ஒரேயடியா 340க்கு ஏறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்கு முதல் காசு இருந்தும் எண்ணெய் இல்லை, கானோட வரிசையில நிண்டே விடியும். அந்தச் சூட்டிலதான் என்ர மச்சான் முல்லைத்தீவு நந்திக்கடல் களப்புக்குள்ள இறாலுக்குப் போற சின்ன வள்ளத்துக்குக் கரண்ட் மோட்டர் பூட்டினவர். 12 வோல்ற் மோட்டர், முழுசா முறுக்கினால் 50 அம்பியர் மட்டில இழுக்கும். 100 அம்பியர்-அவர் (Ah) லித்தியம் பற்றரி ஒண்டு. 400 வாற் பனல் ஒண்டு. அவ்வளவுதான்.

பனலை வள்ளத்துக்கு மேல கூரை மாதிரிக் கட்டச் சொல்லித்தான் கரையில எல்லாரும் புத்தி சொன்னவை. மனுசன் கேக்கேல்லை. "இறால் படுறது இரவில. இரவில எந்த வெயிலுக்கு நான் பனலைக் காவித் திரியிறது? தலைக்கு மேல கூரை நிண்டால் வீச்சுவலையை எங்கால எறியிறது?" எண்டார். பனல் இப்ப கரையில இருக்கிற வாடிக் (கொட்டில்) கூரையில. பகல் முழுக்கப் பற்றரி ஏறும், பொழுதுபட அதைத் தூக்கி வள்ளத்தில வைப்பார். 12 கிலோ மட்டில்தான் பாரம். விடிய வீட்டை கொண்டுபோறதால களவுப் பயமும் குறைவு. பனலுக்குத்தான் இன்னும் நாய் காவல்.

கொக்கிளாய்க் கரை:
அண்ணை, வள்ளத்தில பனல் வைக்கிறது பிழையெண்டு ஒரேயடியாச் சொல்லாதேங்கோ. கேரளாவுக்குப் போன நேரம் வைக்கத்திலயிருந்து தவணக்கடவுக்கு ஓடுற 'ஆதித்யா'வில ஏறினனான். 2017இலயிருந்து ஓடுது. 75 பேர் இருக்கலாம். கூரை முழுக்கப் பனல், 20 கிலோவாற். உள்ளுக்கு 50 கிலோவாற்-அவர் (kWh) லித்தியம் பற்றரி. டீசல் மணமும் இல்லை, இரைச்சலும் இல்லை, பக்கத்தில இருந்த கிழவி பேரனுக்குச் சொன்ன கதை முழுக்க எனக்கும் கேட்டுது. கடலுக்கு நடுவில இருக்கிற எங்கட இரணைதீவுச் சனத்துக்கு இப்பிடி ஒண்டு விட்டால் என்ன?

பூநகரி மெக்கானிக்:
தம்பி, அது காயலுக்குள்ள, எங்கட களப்பு மாதிரித் தண்ணியில ஓடுறது. ஓட்டம் பகலில, தூரம் சின்னன், கூரை பெரிசு. மூண்டும் சேர்ந்து வந்ததாலதான் சரிவருது. இரணைதீவுக்குப் போறது திறந்த கடல். அகலக் கூரையும் அதில பனலும் வைச்சுக்கொண்டு சோளகத்துக்குள்ள (தென்மேற்குக் காத்து) போனால் காத்துக்குப் பாய் பிடிச்ச மாதிரித்தான்.

கணக்கைப் பாருங்கோ. 15 குதிரைவலு இஞ்சின் எண்டால் 11 கிலோவாற். முழு வேகத்தில ஒரு மணித்தியாலம் ஓட 11 கிலோவாற்-அவர். வட்டுவாகல் அண்ணையின்ர மச்சான் வைச்சிருக்கிற பற்றரியில (12 வோல்ற், 100 அம்பியர்-அவர்) 1.2 கிலோவாற்-அவர்தான் இருக்கும், அந்த மாதிரி ஒன்பது வேணும். ஈயப் பற்றரியை அரைவாசிக்குக் கீழ இறக்கக் கூடாது, அதால பதினெட்டு. ஒண்டு 30 கிலோப்படி 540 கிலோ! மீனை எங்க போடுறது?

களப்புக்குள்ள கதை வேற. வள்ளத்தின்ர வேகத்தை ரெண்டு மடங்காக்க வலு கிட்டத்தட்ட எட்டு மடங்கு வேணும். மற்றப்பக்கமாப் பாத்தால், அரை வேகத்தில போற ஆளுக்கு எட்டிலொரு பங்கு போதும். வலைக்கும் வாடிக்கும் இடையில நடை வேகத்தில போறவனுக்கு 600 வாற் மோட்டரே காணும். எங்கட பக்கம் கடலட்டைப் பண்ணைக்குக் காவலுக்குப் போய்வாறவைக்கும் இது நல்லாப் பொருந்தும். ஆழ்கடலுக்கு எண்ணெய்தான், இப்போதைக்கு அதில வாதம் வேண்டாம்.

முழங்காவில்:
எங்கட சங்கத்து ஆள் ஒருத்தருக்கு ஒரு கடையில 'சோலர் பற்றரி' எண்டு ஸ்ரிக்கர் ஒட்டி லொறிப் பற்றரியைக் குடுத்துவிட்டவை. அது இஞ்சினை ஸ்ராட் பண்ணுறதுக்குச் செய்தது. ஒரு நொடிக்குக் கனக்கக் கரண்ட் குடுக்கும், ஆனா நெடுக இறக்கி ஏத்த ஏத்தச் செத்துப்போகும். மாரி வர முன்னமே வயிறு வீங்கிட்டுது. இப்ப அந்தாள் சோலர் எண்டாலே அடிக்க வாறார்.

மாரியில முகில் மூடினால் வாடியில என்ன செய்யிறியள்?

வட்டுவாகலான்:
வீட்டுக் கரண்டில ஏத்திறதுதான். அந்தப் பற்றரி நிரம்ப ஒண்டரை யூனிற்றுக்குள்ள முடியும். எண்ணெய்க் காசோட பாத்தால் அது ஒண்டுமில்லை. பற்றரி வாங்கப் போட்ட முதல்தான் கடிக்கும், அதை மச்சான் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒட்டுசுட்டான்:
குளத்தில தொழில் செய்யிறவைக்கு இது லாபமில்லை எண்டு நினைக்கிறன். எங்கடையாக்கள் துடுப்பாலதான் போறது. மிச்சம் பிடிக்க எண்ணெய்ச் செலவே இல்லாத இடத்தில இது புதுச் செலவு. வயசுபோன ஆக்களுக்கு நாரி நோகாமல் போகலாம், அது உண்மைதான்.

பூநகரி மெக்கானிக்:
குளமெண்டால் உப்பில்லை, அதுவே பெரிய லாபம். இஞ்ச நான் கண்ட பழுதில முக்கால்வாசி மோட்டரில இல்லை, வயர் பூட்டிற இடத்தில. உப்புக்காத்து செம்பைப் பச்சையாக்கிப்போடும். தடை கூடி அந்த இடம் சுடும், சிலவேளை உருகும். ஈயம் பூசின செம்பு வயரா வாங்குங்கோ. மூட்டுக்குக் கிறீஸ் பூசி இறுக்குங்கோ. பற்றரிக்குக் கிட்ட ஃபியூஸ் இல்லாமல் ஒருத்தரும் கடலில இறங்காதேங்கோ.

கொக்கிளாய்க் கரை:
மோட்டர் விசிறியில சாதாளை (தண்ணிக்குள்ள வளருற புல்) சுத்தினால்?

வட்டுவாகலான்:
சுத்தும். சுத்தினால் மோட்டர் கரண்டைக் கண்டபடி இழுக்கும், பற்றரி தானா வெட்டிவிடும். கரைப்பக்கம் சாதாளை கூடின இடத்தில மச்சான் மோட்டரைத் தூக்கிப்போட்டு மரக்கோலை ஊண்டித்தான் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போறவர். கழட்டிறதெண்டால் கை வைக்க முதல் பற்றரி வயரை எடுத்துவிடுங்கோ. எண்ணெய் இஞ்சின் எண்டால் நிண்டிட்டுதெண்டு காது சொல்லும். இது சத்தம் போடாமலே உயிரோட இருக்கும், பிடியில முழங்கை தட்டினாலே சுத்தத் தொடங்கும்.