குதிகாலில் அடிபட்டால் இடுப்புக்கு எதற்கு எக்ஸ்ரே?

பெயிண்டர் மகன்:
அப்பா இன்று காலை சாரத்தில் நின்று பெயிண்ட் அடிக்கும்போது பலகை நழுவிவிட்டது. 12 அடி உயரம் இருக்கும், நின்ற வாக்கிலேயே தரையில் இறங்கியிருக்கிறார். வலது குதிகால் பணியாரம் மாதிரி வீங்கி, உள்ளங்காலில் நீலம் பாய்ந்திருக்கிறது. வேறெங்கும் வலியில்லை என்கிறார். ஆனால் கேஷுவாலிட்டியில் முதுகுத்தண்டை ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்துவிட்டு, இடது குதிகால், இடுப்பு எல்லாவற்றுக்கும் எக்ஸ்ரே எழுதிவிட்டார்கள். தனியார் மருத்துவமனை. பில் ஏற்றுகிறார்களா? நாட்டுக்கட்டுக்குப் போய்விடலாம் என்று அம்மா நிற்கிறாள்.

சைக்கிள்கடைக்காரன்:
வசூல்தான், வேறென்ன. என் மச்சான் பைக்கில் விழுந்து கை விரல் பிசகியதற்குத் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள்.

நைட்டியூட்டி அக்கா:
தம்பி, நான் 11 வருஷமாகக் கேஷுவாலிட்டியில் ஸ்டாஃப் நர்ஸ். அந்த டாக்டர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார், எங்கேயும் கூட்டிப்போகாதீர்கள்.

நின்றபடி விழுகிறவரின் மொத்த எடையும் முதலில் குதிகாலில் இறங்கும். அந்த அதிர்ச்சி அதோடு நிற்காது, முழங்கால், இடுப்பு என்று ஏறி முதுகெலும்பில் போய் முட்டும். மேல்முதுகை விலா எலும்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடிப்பு முடிந்து இடுப்பு வளையத் தொடங்கும் இடம்தான் நசுங்கும். குதிகால் எலும்பு உடைந்து வருகிறவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும். குதிகால் வலி உயிரை எடுக்கும்போது இடுப்பு வலி அவருக்கே உறைக்காது.

அதனால்தான் நாங்கள் ‘எங்கே வலிக்குது’ என்பதோடு ‘எப்படி விழுந்தீங்க’ என்றும் தோண்டித் தோண்டிக் கேட்போம். (பாதிப் பேர் எரிச்சல்படுவார்கள்.) குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றிய பாட்டி என்றால் மணிக்கட்டு. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த பிள்ளை என்றால் ஸ்போக்கில் சிக்கிய கால். ஜல்லிக்கட்டு நாளில் தொடையும் அடிவயிறும். கார் மோதலில் முன்சீட்டுக்காரர் முழங்காலில் சின்னச் சிராய்ப்போடு வருவார். முழங்கால் டாஷ்போர்டில் இடித்த வேகத்தில் தொடை எலும்பு இடுப்பு மூட்டிலிருந்து பின்பக்கமாகக் கழன்றிருக்கும், கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக் கிடக்கும். முழங்காலுக்கு மட்டும் மருந்து போட்டு அனுப்பினால் என்ன ஆகும்?

சைக்கிள்கடை அண்ணே, மச்சானுக்கு விழுந்ததும் நினைவு தப்பியதா, வாந்தி வந்ததா?

சைக்கிள்கடைக்காரன்:
எப்படி விழுந்தேன் என்றே தெரியவில்லை என்றான். தண்ணி வேறு போட்டிருந்தான்.

நைட்டியூட்டி அக்கா:
அப்புறம் ஸ்கேன் எடுக்காமல்? மண்டையோட்டுக்குள் ரத்தம் கசிந்தாலும் சிலர் முதலில் நன்றாகத்தான் பேசுவார்கள். ஓரிரண்டு மணி நேரம் கழித்துச் சரிவார்கள். குடித்திருந்தால் மயக்கம் எதனால் என்று பிரிப்பதே பெரும்பாடு.

பெயிண்டர் மகன்:
அக்கா, எக்ஸ்ரே வந்துவிட்டது. வலது குதிகால் உடைந்திருக்கிறது. முதுகெலும்பில் இடுப்புப் பகுதியின் முதல் கணுவும் லேசாக நசுங்கியிருக்கிறதாம், சி.டி. எடுக்கச் சொல்கிறார்கள். இப்போது கேட்டால், ‘அப்போதே இடுப்பு பிடித்த மாதிரிதான் இருந்தது, ஸ்ட்ரெச்சர் சரியில்லைன்னு நினைச்சேன்’ என்கிறார்.

நைட்டியூட்டி அக்கா:
டாக்டர் சொல்லும்வரை எழுப்பி உட்காரவைக்காதீர்கள். புரட்டுவதை நர்ஸிடம் விடுங்கள், நாலு பேர் சேர்ந்து கட்டையைப் போல ஒரே சீராகத் திருப்புவார்கள். கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ உடனே கூப்பிடுங்கள். நீவிவிடுவது, எண்ணெய் தேய்ப்பது கூடவே கூடாது.

பெயிண்டர் மகன்:
சரி அக்கா. கட்டிலுக்கடியில் அம்மா வைத்திருந்த எண்ணெய் பாட்டிலை எடுத்து என் பைக்குள் போட்டுவிட்டேன்.