டோன்வுட்: இசைமரமா, உடல்மரமா?

சென்னையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

நண்பர்களே, வணக்கம். கிட்டார் செய்யக் கற்றுத்தரும் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முக்கால்வாசி முடிந்துவிட்டது. எலெக்ட்ரிக் கிட்டாரின் உடலை எந்த மரத்தில் செய்தால் ஒலி எப்படி மாறும் என்கிற அத்தியாயத்தில் வந்து நின்றுவிட்டேன். நல்ல ஒலி தருவதாகச் சொல்லப்படும் மரத்துக்கு ‘டோன்வுட்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. எந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தால் ‘தொனி மரம்’ என்கிறது. ஆஷ் மரத்தைச் சாம்பல் ஆக்கிவிட்டது. பாஸ்வுட் என்ற மரத்தை பேஸ் கிட்டாரோடு சேர்த்துவிட்டது. அந்த ‘பாஸ்’, மரத்தின் உட்பட்டை நாரைக் குறிக்கிற பழைய சொல்லிலிருந்து வந்தது, கீழ்ச்சுரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. படிக்கப் போகிற பிள்ளைகள் பன்னிரண்டாவது முடித்தவர்கள், உளி பிடிக்கத் தெரிந்தவர்கள். பட்டறையில் அவர்கள் வாயில் தானாக வருகிற சொல்லாக இருக்க வேண்டும். என்னிடம் இருப்பவை ஒலிமரம், இசைமரம், நாதமரம். எதைப் போடலாம்?

கும்பகோணத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, தொனி வேண்டாம். அது ‘த்வனி’ என்ற வடசொல். தொனியிலிருந்துதான் டோன் பிறந்தது என்று சிலர் எழுதிவருகிறார்கள், அதுவும் பிழை. டோனுக்கு மூலம் ‘தோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல். இழுத்துக் கட்டுதல், முறுக்கு என்று பொருள். வீணைக் கம்பியைத் தந்தி என்கிறோமே, அந்தச் சொல்லின் வடமொழி வேருக்கும் இழுத்தல், நீட்டல் என்றுதான் பொருள். இரண்டும் ஒரே குடும்பம். ஆகவே டோனுக்கு உறவுக்காரி தொனி இல்லை, தந்தி. தந்திமரம் என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். தபால் தந்திதான் நினைவுக்கு வருகிறது, விட்டுவிட்டேன்.

யாழுக்கு மரம் பார்ப்பது நம்மிடம் பழைய வழக்கம். பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் குமிழ மரத்தின் உள்ளீடற்ற கொம்பில் மரல் நாரைக் கட்டி வில்யாழ் செய்துகொள்கிறான். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன், கையில் கொடுத்த யாழ்களை மரத்தின் குற்றம் சொல்லியே தள்ளிவிடுகிறான். இன்றைக்கும் தஞ்சாவூர் வீணைக்குப் பலா, நாகசுரத்துக்கு ஆச்சா மரம். இவ்வளவு இருக்கும்போது தயங்க ஒன்றுமில்லை. இசைமரம் என்றே போடுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து, கிட்டார் பழுதுபார்ப்பவர்:

ஐயா, நீங்கள் சொன்ன யாழும் வீணையும் வேறு, இது வேறு. வீணையில் கம்பியின் அதிர்வு, அதைத் தாங்குகிற குதிரை என்ற துண்டு வழியாக இறங்கிக் குடத்தின் பலகையை ஆட்டுகிறது, பலகை காற்றை ஆட்டுகிறது, அதைத்தான் காது கேட்கிறது. அங்கே மரம்தான் பேசுகிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிக்கு அடியில் ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செப்புக்கம்பிச் சுருளும் இருக்கின்றன. இதற்குப் பிக்கப் என்று பெயர். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் சுமார் 8,000 சுற்று. எஃகுக் கம்பி ஆடும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது, அதுதான் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. பிக்கப்புக்குக் காது கிடையாது. மரம் தானாக எழுப்புகிற ஒலி அதற்குள் போகவே வழியில்லை.

மரம் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. கம்பியின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டிருப்பதால், சில அதிர்வெண்களில் கம்பியிடமிருந்து ஆற்றலைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது. அதுவும் உடலைவிடக் கழுத்தில்தான் நன்றாகத் தெரியும். கழுத்தில் விரல் வைக்கிற சில மெட்டுகளில் (ஃப்ரெட்) மட்டும் சுரம் சட்டென்று செத்துப்போவதை வாசிப்பவர்கள் எல்லோருமே பார்த்திருப்பார்கள். கழுத்து அந்த அதிர்வெண்ணிலேயே ஆடி, கம்பியின் ஆற்றலைத் தின்றுவிடுகிறது.

போன மாதம் என் மேசையில் ஆல்டர் உடல் ஒன்றும் மகாகனி உடல் ஒன்றும் இருந்தன. இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். கழுத்து, பிக்கப், குதிரை, கம்பி எல்லாவற்றையும் அதிலிருந்து கழற்றி இதில் பூட்டி வாசித்தேன். ஆம்பில் போடாமல், கிட்டாரின் கொம்பில் தாடையை வைத்துக் கேட்டபோது வேறுபாடு தெரிந்தது; மகாகனி கொஞ்சம் மழுங்கலாக இருந்தது. ஆம்பில் போட்ட பிறகு எது எது என்று எனக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்புறம் பிக்கப்பின் திருகை ஒரு சுற்று இறக்கினேன், ஒலி அப்படியே வேறாகிவிட்டது.

பெயர்பெற்ற மரங்களின் கதையையும் பாருங்கள். ஃபெண்டர் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை ஆஷ் மரத்தில் தொடங்கி 1956இல் பெரும்பாலும் ஆல்டருக்கு மாறியது. ஆஷில் மரத்துளை பெரிது, வண்ணம் பூசுவதற்கு முன் நிறைய அடைக்க வேண்டும். ஆல்டரில் அந்த வேலை குறைவு. கிப்சன் 1952இல் லெஸ் பால் கிட்டாரை மகாகனியில் செய்து மேலே மேப்பிள் பலகை ஒட்டியது. ‘மகாகனி கனத்த ஒலி, ஆஷ் கணீர் ஒலி’ என்கிறோமே, அந்த இரண்டு கிட்டாருக்கும் கம்பி நீளம் வேறு, ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 25½ அங்குலம், லெஸ் பாலில் 24¾. பிக்கப் வேறு, குதிரை வேறு. பழியும் புகழும் மரத்துக்குப் போய்விட்டது. டான் ஆம்ஸ்ட்ராங் 1969இல் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்த கிட்டாரும் நன்றாகத்தான் பாடியது.

அதனால் இசைமரம், ஒலிமரம் என்று பெயர் வைத்தாலே வழக்கில் தீர்ப்பு எழுதியாயிற்று. பிள்ளைகள் முதல் நாளே மரம்தான் ஒலி என்று நம்பிவிடுவார்கள், காசு கொட்டி மரம் வாங்குவார்கள். ‘உடல்மரம்’ என்று போடுங்கள். உடல் எந்த மரம் என்பதை மட்டும் சொல்லும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, பௌதிகவியல் ஆசிரியர்:

கோவைத் தம்பி சொல்வது பௌதிகப்படி சரி. ஆனால் எனக்கு இடிக்கிறது ‘மரம்’ என்ற பாதிதான். நின்று வளர்வது மரம், வெட்டி அறுத்த பின் அது பலகை அல்லது கட்டை. இசைமரம் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் காற்றில் ஆடுகிற ஒரு மரத்தைத்தான் நினைப்பார்கள். ஒலிக்கட்டை என்றால் என்ன? அல்லது பண்புக்கட்டை? சுருதியும் உரப்பும் ஒன்றாக இருந்தாலும் இரண்டு கருவிகளைப் பிரித்துக் காட்டுவதை ஒலியின் பண்பு என்றுதான் படிப்பிக்கிறோம். கையேடு பேசுவதும் அதைத்தானே.

சென்னையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, கட்டையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாடுகிறவர்களிடம் ஐந்து கட்டை, ஒன்றரைக் கட்டை என்றால் சுருதி. ஆர்மோனியத்தின் கட்டையிலிருந்து வந்த பேச்சு. ஒலிக்கட்டை என்றால் ஆர்மோனியம் வாசிப்பவர் அதைத் தன் கட்டை என்று எடுத்துக்கொள்வார். இந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் கச்சேரி, தேவாலயப் பாட்டு என்று போகிறவர்கள். மரவேலைக்காரர்களும் தேக்கு மரக் கதவு, வேங்கை மரக் கட்டில் என்றுதானே சொல்கிறார்கள், மரம் அறுத்த பிறகும் மரமாகத்தான் இருக்கிறது.

கும்பகோணத்திலிருந்து, தமிழாசிரியர்:

தம்பி, இசைமரம் தீர்ப்பு எழுதுகிறது என்கிறீர்கள். ‘இசையை எழுப்பும் மரம்’ என்று விரித்தால்தான் அந்தக் குற்றம். ‘இசைக்கு உரிய மரம்’ என்று நான்காம் வேற்றுமையில் விரியுங்கள், எதையும் உறுதி சொல்லவில்லை. அதைவிட, வினைத்தொகையாகப் பாருங்கள்: இசைந்த மரம், இசைகின்ற மரம், இசையும் மரம். இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். கம்பி ஆடும்போது முரண்டு பிடிக்காமல், அதன் ஆற்றலைத் தின்னாமல், இசைந்து நிற்கிற மரம். நீங்கள் கழுத்தைப் பற்றி எழுதினீர்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறதா? முக்காலத்தையும் தாங்குகிற தொகை இருக்கும்போது, உடல்மரம் என்ற மொட்டைச் சொல் எதற்கு?

கோயம்புத்தூரிலிருந்து, பழுதுபார்ப்பவர்:

அருமையான விளக்கம் ஐயா. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆனால் என் பட்டறைக்கு வருகிற பையன் வினைத்தொகையாக விரிக்க மாட்டான். இசை என்றால் அவனுக்கு மியூசிக்.

சென்னையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

நாளை வியாழன், முடிவெடுத்தாக வேண்டும். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் உடல்மரத்துக்கு ஏழு பேர், இசைமரத்துக்கு நான்கு பேர், ‘டோன்வுட்’ என்றே விடு என்று மூன்று பேர். உடலுக்குள் வெற்றிடம் உள்ள சாதாரணக் கிட்டாரின் மேற்பலகைக்கு இசைமரம் என்று போடுகிறேன், அங்கே மரம் உண்மையிலேயே பாடுகிறது. எலெக்ட்ரிக் அத்தியாயம் முழுக்க உடல்மரம், முதல் இடத்தில் மட்டும் ‘டோன்வுட் என்று விற்கப்படும் உடல்மரம்’. மகாகனி, கருங்காலி, ஈட்டி என்ற பெயர்கள் நம்மிடம் புழக்கத்தில் உண்டு. ஆல்டர், ஆஷ், மேப்பிள் நம் ஊரில் வளராதவை, அப்படியே இருக்கட்டும். சாலிட் பாடிக்கு ‘கனவுடல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கன உடல் என்று நினைத்து எழுதியது, கனவு உடல் என்று படிக்கிறது. கெட்டி உடல் என்றே போட்டுவிட்டேன்.

கும்பகோணத்திலிருந்து, தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், இசையவில்லை. அடுத்த பதிப்பில் மறுபடி பேசுவோம். சஸ்டெயினுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? கார்வை இருக்கிறதே.

கோயம்புத்தூரிலிருந்து, பழுதுபார்ப்பவர்:

கார்வை வாசிப்பவர் வேண்டுமென்று நிறுத்துவது ஐயா. சஸ்டெயின் கம்பி தானாக அடங்குகிற வரை உள்ள நேரம். இரண்டும் ஒன்றில்லை.